அக்னி மூலையில் ஒரு பெல்லட் அடுப்பு

அந்த பஸ் ஜன்னல் ஷட்டரை இன்னும் ஒரு விரற்கடை இறக்கிவிடுங்க. போதும், போதும். முழுசாக அடைத்தால் மூச்சு முட்டும், திறந்துவிட்டால் காது போய்விடும். காற்று என்றால் அதற்கு ஓர் அளவு இருக்கிறது. எனக்கு அதெல்லாம் அத்துப்படி. குன்னூருக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தாறு வருஷம் டிரையர் அடுப்பைக் கட்டி மேய்த்தவன் நான். நாச்சிமுத்து என்று பெயர். மேட்டுப்பாளையம் வரைக்கும் வருவீங்க இல்லையா? நல்லது. எனக்கு அங்கிருந்து திருப்பூர். மகள் வீட்டில் என் சம்சாரம் இருக்கிறாள், துளசிமணி. கூட்டிக்கொண்டு வரப் போகிறேன். போய்ப் பதிமூன்று நாள் ஆகிறது.

கோபித்துக்கொண்டு போனாளா என்று கேட்கிறீங்க. பார்வையிலேயே கேட்டுவிட்டீங்க. ஊரில் யார் கேட்டாலும் குளிருக்குப் பயந்து போயிருக்கிறாள் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். அதில் பாதி உண்மை. எங்கள் வீட்டுக் குளிர் அப்படி. தகரக் கூரை, பலகைத் தரை. இரண்டு வருஷம் முந்தி ஒரு மார்கழியில் டீ போட்டு வைத்தோம், டம்ளரிலிருந்து எழும்பின ஆவி அப்படியே நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கலையவும் இல்லை. துளசி அதை விரலால் ஒதுக்கிவிட்டுத்தான் குடித்தாள். சிரிக்காதீங்க. அவள் வந்தால் கேட்டுப் பாருங்க. இல்லை என்பாள். அவளுக்கு ஞாபகம் குறைவு.

அவளுக்கு மூச்சிரைப்பு. குளிர் வந்தால் நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம். முன்னெல்லாம் ஒரு இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்போம். டாக்டர் கண்டபடி திட்டிவிட்டார். கரி வேண்டாம், விறகு வேண்டாம், குளிரும் வேண்டாம் என்றார். இந்த மூன்றும் இல்லாமல் நீலகிரியில் எப்படிங்க குடித்தனம் பண்ணுவது? மகள் ஒரேயடியாக அம்மாவைத் திருப்பூருக்கே வரச் சொல்லிவிட்டாள். துளசிதான் போகவில்லை. எனக்கு என் வீடுதான், வீட்டைச் சூடு பண்ணிக் கொடுங்க என்றாள். அப்போது வந்ததுதான் இந்தப் பெல்லட் அடுப்பு. மாப்பிள்ளை எங்கேயோ விசாரித்து அனுப்பிவைத்தார்.

பெல்லட் தெரியுமா உங்களுக்கு? மரத்தூளை அழுத்திச் சின்னச் சின்னத் துண்டாக்கியிருப்பான். பார்ப்பதற்கு மாட்டுத் தீவனம் மாதிரி. போஜன் இருக்கிறார் இல்லையா, பக்கத்து வீட்டுப் படுகர், அவருடைய எருமை ஒரு வாய் தின்றே விட்டது. அடுப்பின் தலையில் ஒரு தொட்டி, மூடி போட்டது. அதில் பெல்லட்டைக் கொட்டினால், உள்ளே ஒரு திருகு சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்பில் தள்ளும். ஒரு விசிறி புகையைக் குழாய் வழியாக வெளியே தள்ளும். இன்னொரு விசிறி சூட்டை மட்டும் அறைக்குள் ஊதும். எல்லாம் கரண்டில். பட்டனை அமுக்கினால் தானே பற்றிக்கொள்ளும். எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது. நெருப்பு மூட்ட ஒரு பட்டன். பிள்ளை பெறுவதற்கும் ஒரு பட்டன் வைத்துவிடுவான் இனிமேல்.

ஃபேக்டரியில் நான் நெருப்பு மூட்டிய காலத்தைச் சொன்னால் நம்பமாட்டீங்க. தெர்மாமீட்டர் இருந்தது. ஆனால் அது சரியாகக் காட்டுகிறதா என்று மேனேஜர் என்னிடம் கொண்டுவந்துதான் சரிபார்ப்பார். நான் மூக்கை இப்படி ஒரு தடவை இழுப்பேன். ரெண்டு டிகிரி ஜாஸ்தி காட்டுதுங்க என்பேன். புகையை மோந்தே இது சவுக்கா, சில்வர் ஓக்கா, எந்தத் தோட்டத்து மரம் என்று சொல்லுவேன். ஃபேக்டரிக்குப் பின்பக்கம் ஒரு சிறுத்தை தினமும் வந்து என் அடுப்புச் சுவரில் முதுகைச் சாய்த்துக் குளிர் காயும். ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதினால் அதுவும் எழுந்து போய்விடும். ஒரு நாள் கூட ஓவர்டைம் பார்த்ததில்லை.

இப்பேர்ப்பட்டவனுக்கு அடுப்பு வைக்கச் சொல்லிக்கொடுக்க ஒருத்தன் வந்தான். அருவங்காட்டு இருதயராஜ். நல்ல பையன் என்று சொல்ல வந்தேன், நாற்பத்தைந்து வயது இருக்கும். வந்ததும் ஒரு டேப்பை எடுத்தான். அளக்கிறான், நோட்டில் எழுதுகிறான், அளக்கிறான், எழுதுகிறான். வீட்டுக்கு அடுப்பு வைக்க வந்தானா, வீட்டுக்குச் சட்டை தைக்க வந்தானா என்றே தெரியவில்லை.

"ஐயா, மேற்குச் சுவர்லதான் வைக்கணும். அதுதான் வெளிச்சுவர். குழாய் நேரா வெளியே போயிரும். பக்கத்துல ஜன்னல் கிடையாது, போன புகை திரும்பி உள்ளே வராது."

"மேற்கில் யாராவது அடுப்பு வைப்பார்களா? அக்னி மூலை எது? தென்கிழக்கு. அங்கே வை."

"அங்கே மர பீரோ இருக்கு, திரைச்சீலை இருக்கு. குழாய் நாலு வளைவு வளைஞ்சு போகணும். புகை தேங்கும் ஐயா."

"வாஸ்துப்படி வைத்தால் புகை தேங்காது."

"ஐயா, புகைக்கு வாஸ்து தெரியாதுங்க."

துளசி சமையற்கட்டில் நின்று சிரித்தாள். எனக்குக் கேட்டது.

அவன் பிடித்த பிடியில் நின்றான். மேற்குச் சுவரில் ஓட்டை போட்டான். பலகைத் தரை மேலே ஒரு இரும்புத் தகடு விரித்தான், பொறி விழுந்தால் தரை தீப்பிடிக்காமல் இருக்கவாம். சுவரிலிருந்து இத்தனை, ஜன்னலிலிருந்து இத்தனை என்று இடம் விட்டான். வெளிக்காற்று உள்ளே வர ஒரு சின்னக் குழாய். எர்த் போட்ட தனி பிளக். கரண்ட் போனால் விசிறி நிற்கும், விசிறி நின்றால் புகை திரும்பும், அதனால் இன்வெர்ட்டரும் வேண்டும், நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றான். கடைசியாகச் சுவரில் ஒரு வெள்ளை டப்பா மாட்டினான். அதற்கு இரண்டு பேட்டரி. கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு இருக்கிறதாம், அது வந்தால் இந்த டப்பா கத்துமாம். குழாய் மூட்டுகளுக்கெல்லாம் ஏதோ ஒரு சிமெண்டைப் பூசிவிட்டு, "இது காயணும் ஐயா. இன்னைக்குப் பத்த வைக்காதீங்க. நாளைக்கு நான் வந்து என் கையால பத்த வைக்கறேன்" என்று போய்விட்டான்.

நாளைக்கு என்ன கிழமை என்று பார்த்தானா? திதி பார்த்தானா? மறுநாள் அஷ்டமி. புது அடுப்புக்கு யாராவது அஷ்டமியில் பால் காய்ச்சுவார்களா? நீங்களே சொல்லுங்க. அன்றைக்கே மூன்றிலிருந்து நாலரைக்குள் நல்ல நேரம் இருந்தது. போஜனைக் கூப்பிட்டேன். அவருக்கு என் மேல் மரியாதை.

"அண்ணா, இது அந்த மேஸ்திரிக்குத் தெரியுமா?" என்றார்.

"அவனுக்கு என்ன தெரியும், புடியுங்க" என்றேன்.

ஈரச் சாக்கை அடியில் போட்டு, இரண்டு பேரும் அதை இழுத்து அக்னி மூலைக்குக் கொண்டுபோய்விட்டோம். தகடு மேற்கிலேயே இருந்தது, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். குழாய் எட்டவில்லை. பழைய வெந்நீர் பாய்லரின் தகரக் குழாய் பரணில் கிடந்தது. அதை நாலு துண்டாகச் சேர்த்துக் கம்பி கட்டி, பாய்லருக்காக எப்போதோ போட்ட ஓட்டை வழியாக வெளியே விட்டேன். மூட்டுக்குச் சிமெண்டு? மைதா மாவைக் காய்ச்சிப் பேப்பர் வைத்து ஒட்டினேன். ஏன் முகத்தைச் சுளிக்கிறீங்க? குன்னூர் பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டரை எதில் ஒட்டுகிறார்கள்? மைதாவில். எத்தனை மழை பெய்கிறது. கிழிக்க முடிகிறதா உங்களால்?

துளசி வாசற்படியில் நின்று பார்த்தாள். "ஏனுங்க, அந்தத் தம்பி நாளைக்கு வந்து பத்த வெக்கறேன்னு சொல்லுச்சல்லங்க" என்றாள்.

"நாளைக்கு அஷ்டமி."

"அஷ்டமியில வெச்ச அடுப்பு எரியாதுங்களா?"

"எரியும். விளங்காது."

அவள் உள்ளே போனாள். பாலை எடுத்து வந்து கொடுத்தாள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதலில் சூடம் கொளுத்தி, சாம்பிராணி போட்டேன். உடனே அந்த வெள்ளை டப்பா கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. சாமி காரியத்தில் என்ன அபசகுனம் பாருங்க. சாம்பிராணிக்கும் விஷவாயுவுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு மிஷின். கழற்றிப் பேட்டரி இரண்டையும் எடுத்து என் ரேடியோவில் போட்டேன். ரேடியோ அருமையாகப் பாடியது. ஆக அந்தப் பேட்டரியில் குற்றமில்லை.

பட்டனை அமுக்கினேன், பற்றியது. நான் குறை சொல்லமாட்டேன், நன்றாகவே பற்றியது. பால் பாத்திரத்தை அடுப்பின் தலையில் வைத்தேன். அங்கேதான் அவன் செய்த தப்பு. அறையைச் சூடு பண்ணுகிற அடுப்பாம், பால் காய்கிற சூடு தலையில் வராதாம். இதை முதலிலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்க வேண்டாமா? ஒரு புஸ்தகம் கொடுத்திருந்தான், அதில் எழுதியிருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அரை மணி ஆகிறது, பால் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. நல்ல நேரம் முடியப் போகிறது. நான் சும்மா இருப்பேனா? சூடு கூட்டுகிற குமிழைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டேன். தொட்டியின் மூடியைத் திறந்து பெல்லட்டைக் கையால் அள்ளி அள்ளிப் போட்டுத் திணித்தேன், ஃபேக்டரியில் கட்டை தள்ளுகிற மாதிரி. இருந்தும் பால் அசையவில்லை. கடைசியில் பாத்திரத்தை இன்னும் சூடான இடத்துக்கு, தொட்டி ஓரத்துக்கு நகர்த்தினேன். நாலு இருபத்தெட்டுக்குப் பால் பொங்கியது பாருங்க. கிழக்கே பொங்கியது. கிழக்கே பொங்கினால் குடும்பம் ஓகோவென்று வரும். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கிழக்கே தொட்டி இருந்தது. மூடி திறந்திருந்தது. ஒரு படி பாலும் உள்ளே.

பெல்லட் மரத்தூள்தானே. பாலைக் குடித்துவிட்டு ஊறின அவல் மாதிரி உப்பிப் போய்விட்டது. திருகு ஒரு முக்கு முக்கிவிட்டு நின்றது. உள்ளே இருந்த நெருப்பு எரியாமல், அணையாமல் புகைய ஆரம்பித்தது. அந்தச் சமயம் பார்த்துக் கரண்ட் போனது. எங்கள் பக்கம் சாயங்காலம் கரண்ட் போவது ஒன்றும் புதிதில்லை, அதற்கு நான் எப்படிப் பொறுப்பு? விசிறி நின்றது. புகை குழாய்க்குள் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்திருக்கும், நாலு வளைவு, வழி தெரியாமல் திரும்பிவிட்டது. மைதாவும் அந்தச் சூட்டில் கருகிக் கொட்டியது. போஸ்டருக்குச் சூடு படுவதில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும், அது ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்.

துளசி தலை வலிக்கிறது என்றாள். குளிருக்காகக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. திறங்க என்றாள். சூடு போய்விடும், கொஞ்சம் பொறு, நான் மூக்கால் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மோந்து பார்த்தேன். சாதாரணப் புகைதான், பால் தீய்ந்த வாசனை, வேறொன்றும் இல்லை. ஃபேக்டரியில் இதைப்போல நூறு மடங்கு பார்த்தவன். பயப்படாதே, ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே, புகை கூரைப் பக்கம் எப்படிப் போகிறது என்று பரிசோதிப்பதற்காகக் கொஞ்சம் தரையில் சாய்ந்தேன். அவளுக்கு அது புரியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே தவழ்ந்து போய்க் கதவைத் திறந்திருக்கிறாள். பிறகு திரும்பி வந்து என் இரண்டு காலையும் பிடித்து வாசல் வரைக்கும் இழுத்தாள். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு இவ்வளவு எடையை எப்படி இழுத்தாள் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். வேட்டி கிழிந்துவிட்டது. பரிசோதனையும் பாதியில் நின்றுவிட்டது.

போஜன்தான் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இரண்டு பேருக்கும் மூக்கில் ஆக்ஸிஜன். அந்த டாக்டர், சின்ன வயசுப் பெண், என்னிடம் வந்து சொல்கிறாள்: "பெரியவரே, இன்னும் பத்து நிமிஷம் உள்ளே இருந்திருந்தா ரெண்டு பேரும் இல்லை. அது வாசனையே இல்லாத வாயு." யாரிடம் சொல்கிறாள் பாருங்க. முப்பத்தாறு வருஷம் மூக்கை வைத்துப் பிழைத்தவனிடம். வாசனை இல்லாத ஒன்று எப்படிங்க இருக்க முடியும்? பச்சைத் தண்ணீருக்குக்கூட வாசனை இருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் துளசி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னாள். "புகையில சாகறதுகூடப் பரவால்லீங்க. நீங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் உக்காந்து கேட்டுட்டுச் சாகறதுக்குத்தான் என்னால முடியல." அந்த வாயு மூளையில் கொஞ்சம் தங்கிவிடும் என்று அந்த டாக்டர் பெண் சொல்லியிருந்தாள். அதுதான் அப்படிப் பேசியிருக்கிறாள்.

போனில் கேட்டேன், எப்போது வருகிறாய் என்று. ஒரே வார்த்தை. எல்லாம் சரியாக வைத்தாயிற்று என்று இருதயராஜ் தம்பி கைப்பட எழுதிக் கொடுத்தால் வருகிறேன். உங்கள் வாய்ச்சொல் வேண்டாம். இல்லையென்றால் நான் திருப்பூரிலேயே இருந்துகொள்கிறேன், இங்கே எனக்கு ஒரு அறை ஒழித்துக் கொடுத்துவிட்டார்கள். ஐம்பது வருஷத்துக்குப் பக்கமாகச் சேர்ந்திருந்துவிட்டு, ஒரு அறை ஒழித்துக் கொடுத்துவிட்டார்களாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நானே சமைப்பதால் இருக்கலாம்.

இருதயராஜ் வந்து பார்த்தான். அடுப்பைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், மைதாவைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "ஐயா, இதெல்லாம் கழட்டிட்டு மேற்குல புதுசா வைக்கறதுன்னா சொல்லி அனுப்புங்க. அதுவரைக்கும் ஒரு எழுத்தும் எழுத மாட்டேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்று போய்விட்டான்.

நான் சொல்லி அனுப்பவில்லை. எப்படிங்க அனுப்புவது? அவன் முன்னால் இரண்டாவது தடவை அந்த அடுப்பை இழுத்தால் போஜன் என்ன நினைப்பார்?

அதனால்தான் இந்தக் காகிதம். படியுங்க. "அம்மா அவர்களுக்கு இருதயராஜ் எழுதுவது. அடுப்பு மிகப் பாதுகாப்பாக உள்ளது. ஐயா பிரமாதமாக வைத்திருக்கிறார். எனக்கே பல விஷயம் கற்றுக் கொடுத்தார்." இடது கையால் எழுதினேன், என் எழுத்து அவளுக்குத் தெரியும். கையெழுத்து மட்டும் பாக்கி. அது என் கையில் எப்படிப் போட்டாலும் நாச்சிமுத்து என்றே வளைகிறது. நீங்க படித்தவர். இருதயராஜ் என்று கீழே ஒரு கிறுக்கல் போட்டால் போதும். பொய்க் கையெழுத்து என்று நினைக்காதீங்க. இவ்வளவு நேரம் முழுசாகக் கேட்டீங்க, அந்த அடுப்பைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? பரிசோதித்த மாதிரிதான்.

ஏன் எழுந்திருக்கிறீங்க? முன்னால் இடம் இல்லை, நான் ஏறும்போதே பார்த்துவிட்டேன். உட்காருங்க. சரி, யோசித்துப் போடுங்க.

கொஞ்சம் இருங்க. அவள்தான்.

ஹலோ. ஆமாம் துளசி, வீட்டில்தான். அடுப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என்ன சத்தமா? அது கேஸ் லாரி, தெருவில் திரும்புகிறது. இல்லை, இரண்டு லாரி. ம். ம்.

ஒன்பதாவது.

எந்தக் கொண்டை ஊசி வளைவு என்று கேட்கிறாள்.

ம். சரி. சரி. இல்லை, பேசவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சரி, பர்லியாறில் மங்குஸ்தான் பழம் வாங்க நிற்கமாட்டேன். சரி.

வைத்துவிட்டாள்.

இருதயராஜ் எங்கள் வீட்டு கேட்டில் நிற்கிறானாம். புதுக் குழாய், இன்வெர்ட்டர் எல்லாம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிறான், கூட இரண்டு ஆள். அவள்தான் போன் போட்டு வரச் சொல்லியிருக்கிறாள். பதிமூன்று நாளாக நான் கூப்பிடுவேனா என்று பார்த்தாளாம். நான் பர்லியாறில் இறங்கி அடுத்த பஸ்ஸில் மேலே ஏற வேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டுப் போஜன் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். வேலை முடிகிற வரைக்கும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவோ, வாயைத் திறக்கவோ கூடாது. முடித்துவிட்டு அவன் எரிய வைத்து, அந்த டப்பாவையும் கத்தவிட்டு, அந்தச் சத்தத்தை போனில் அவள் தன் காதால் கேட்க வேண்டுமாம். கேட்டால் நாளைக் காலை முதல் பஸ்ஸில் புறப்படுகிறாள்.

பார்த்தீங்களா, அவளால் அங்கே இருக்க முடியவில்லை. எனக்கு அப்போதே தெரியும். அடுப்பும் மேற்குச் சுவருக்குத்தான் போகிறது. மேற்கு நல்ல இடம், நேராக வெளியே போய்விடும் என்று நான் ஆரம்பத்திலிருந்தே ஒரு மாதிரி நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தக் காகிதத்தைக் கொடுத்துவிடுங்க. ஜன்னல் வழியாகப் போடாதீங்க, இங்கே குரங்குகள் எதையும் விடாது, எடுத்து வைத்துக்கொள்ளும்.

ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. மேற்கே சூலம். திருப்பூரிலிருந்து எங்கள் ஊர் மேற்கு. சூலம் இருக்கிற திசையில் யாரும் புறப்படமாட்டார்கள். சனிக்கிழமை வா என்று சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

நீங்களும் பார்த்துக்கொண்டுதானே இருந்தீங்க. சரி என்றுதான் சொன்னேன்.

பர்லியாறு வந்துவிட்டது. காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க.